இந்தப் பசலிக்கு மட்டும்

இருபத்தொரு நாள் லீவில் வந்தேன்.
பதினோரு நாள்
கொரடாச்சேரிக்கும் திருவாரூருக்கும் நடுவே
பேருந்திலேயே போயிற்று.

காவல்துறைச் சான்றுக்கு முகவரிச் சான்று,
முகவரிக்கு அடையாளச் சான்று,
அடையாளத்தில் அப்பா பெயர் கலியபெருமாள்,
என் பள்ளிச் சான்றிதழில் கலியமூர்த்தி.
இரண்டும் ஒரே ஆள்தான் என்று
முத்திரைத்தாளில் நோட்டரி எழுதித் தந்தார்.
பெருமாளை மூர்த்தியாக்க
எழுநூறு ரூபாய்.

நான்கு வருடமாக அங்கே
கோதுமை அறுக்கும் மிஷின்களுக்கு அடியில் படுத்திருக்கிறேன்.
முதுகில் செம்மண்.
இங்கே நெல் அறுக்கும் மிஷினுக்கு அடியில் படுத்தபோது
களிமண்.
என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களிடம்
அதைத்தான் சொல்கிறேன்:
அது தட்டினால் போய்விடும்.

தற்காலிக விசாக்காரன்
கட்டில் வாங்கப் போனால்
எத்தனை திருகாணி என்று முதலில் எண்ணுவான்.
ஓவர்டைமில் ஆறு மணிநேரம் குறைந்தால்
வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்துக்கொள்வான்.
முதலாளி க்ரெய்க் நல்லவர்.
அவர் நல்லவராகவே இருக்கட்டும் என்று
நானும் தினம் காலையில் சிரிக்கிறேன்.

அவர்தான் இப்போது கடிதம் தந்திருக்கிறார்:
இவன் செய்யும் வேலைக்கு
இந்த வட்டாரத்தில் ஆள் கிடைக்கவில்லை,
இவன் எங்களுக்கு வேண்டும், நிரந்தரமாக.
செந்தாமரை அந்த வரியைத் தமிழில்
இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.
"நம்ம ஊர்ல யாராச்சும் உங்களைப் பத்தி
இப்படி எழுதிக் குடுத்திருக்காங்களா?"
ஹார்வெஸ்டர் ஓனர் எழுதிக் கொடுத்திருக்கிறார்,
சிகரெட் அட்டையில்,
சம்பளப் பாக்கி எவ்வளவு என்று.

ராத்திரி பதினொரு மணி.
செல்போன் வெளிச்சத்தில் படிவம் நிரப்புகிறேன்.
நிரந்தர முகவரி, என்கிறது ஒரு கட்டம்.
கோடு மின்னி மின்னி நிற்கிறது.

வீடு நாங்கள் கட்டியது, மனை சாமியுடையது.
வயலும் சாமியுடையதுதான், ஒன்றேகால் ஏக்கர்.
குத்தகை கட்டினால்
தேவஸ்தான ஆபீசில் ரசீது கொடுப்பார்கள்,
அடியில் ஊதா ரப்பர் முத்திரை:
இந்தப் பசலிக்கு மட்டும்.
அப்படி முப்பத்தெட்டுப் பசலி
அப்பாவின் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.
குத்தகைப் பதிவேட்டில் பெயரேற்ற
மூன்று முறை மனுக் கொடுத்தார்.
மூன்றாவதற்கு ஓர் எண் போட்டுத் தந்தார்கள்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் அந்த எண்ணை.
எனக்கும் ஓர் எண் வரும்.

"பி.ஆர். கைக்கு வந்துட்டா
அந்த ஆறு மணிநேரக் காசைக் கேப்பீங்களா?"
கேட்பேன் என்றேன்,
கொஞ்சம் அவசரமாக.
அவள் ஒன்றும் சொல்லாமல்
மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

விடிந்ததும் டின்னோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.
வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது,
முன்னால் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தள்ளிக்கொண்டு.
பத்து வருடம் எங்கே இருந்தாய் என்கிறது படிவம்.
இந்த முகவரிக்கு என்னிடம் இருக்கும் தாள்
இந்த ரசீதுகள்தான்.
ஸ்கேன் பண்ணிக்கொண்டே வந்த காஜா மைதீன்
ஒன்றைத் திருப்பினான்.
"பின்பக்கமும் வேணுமாண்ணே?"

பசலி 1431.
பின்னால் அப்பாவின் பென்சில்:
பொட்டாஷ் இரண்டு மூட்டை,
டிராக்டர் மூன்றரை மணி,
தம்பி ஏஜெண்டுக்கு 2,40,000.
மற்றதையெல்லாம் கூட்டியிருக்கிறார்.
கடைசித் தொகைக்கு மட்டும்
கீழே கோடு போடவில்லை.

முன்பக்கம் போதும் என்றேன்.
அவன் அடுத்த தாளை வைத்துவிட்டான்.
இரு,
அதைத் திரும்ப எடு,
இரண்டு பக்கமும்.