மும்முனை மின்சாரம் வந்த இரவு

காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து
காவல்கிணறு தாண்டி
பணகுடிப் பொட்டலில்
நாற்பத்தொன்றாம் எண் கோபுரத்தில் மோதும்போது
நொடிக்குப் பதினான்கு மீட்டர்,
திசை மேற்கு, சற்றே தெற்கு.
திரையில் வரிசையாய் நிற்கும்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை
காற்றின் போக்குவரத்து மனுஷனுக்குப் பிடிபடாது என்று
ஐயர் பிரசங்கித்தபோது
கடைசி பெஞ்சில் நான் சிரித்தேன்.
நாலு மாசத்தில் தலையில்
மூன்று கை தண்ணீர் வாங்கியவன் நான்.
கோயில் பதிவேட்டில் இருக்கிறது.
இன்னொரு தரம் பிறக்க என்ன அவசரம்?

இருட்டில் ஒளிந்து வந்த அந்தப் பெரிய மனுஷன் கேட்டதுதான்
எனக்கும் நியாயமாகப் பட்டது:
கிழடு தட்டினவன் எப்படித் திரும்பவும்
அம்மை வயிற்றுக்குள் போவான்?
எங்கள் அம்மை போய்ப் பதினொரு வருஷம்.
அவள் அடக்கத்தன்றுதான்
நானும் அண்ணன் தாசையாவும் கடைசியாகப் பேசியது.
பேச்சு என்றா அதைச் சொல்வது.
கம்பெனிக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கர்,
முன்பணம், ஒரு கையெழுத்து.
எழுதிய கை என்னுடையது.
பெயர் அவனுடையது.

ஆடி பிறந்து மூன்றாம் வாரம்,
நடுச்சாமத்தில் நாற்பத்தொன்று நின்றது.
தனியாக ஏறக்கூடாது என்பது விதி.
ஏறினேன்.
கோபுரத்துக்குள் ஏணி, எண்பது மீட்டர் இருட்டு,
போகப் போக ஒடுங்கும் இரும்பு.
வியர்வையும் கிரீஸும் வழுக்க
தலையால் மூடியை முட்டித் திறந்து
வெளியே வந்தேன்.
காற்று முகத்தில் அறைந்தது.
வாய் தன்னால் திறந்துகொண்டது.
வாரத்துக்கு இரண்டு தடவை இப்படிப் பிறக்கிறேன் ஐயரே,
ஒரு மாற்றமும் இல்லை,
என்று சொல்வதற்கு ஒரு கேலியும் கையில் இருந்தது.

கோளாறு சின்னது.
காற்று மேற்கிலிருந்து வர
திசைகாட்டி மட்டும் இறுகிப்போய்
வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது,
எத்தனை நாளாகவோ.
எண்ணெய் விட்டேன்.
ஊறட்டும் என்று உட்கார்ந்தேன்.

கீழே ஒரு டார்ச்.
மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும்;
அண்ணன் தண்ணீர் பாய்ச்சுகிறான்.
வெளிச்சம் குனிந்தது, நிமிர்ந்தது,
பத்தடி நகர்ந்தது,
பிறகு ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது.
இடுப்பு வலிக்கிறது அவனுக்கு.
அம்மைக்கு வலித்த அதே இடம்.

அப்புறம் நடந்ததை அளக்க
என்னிடம் கருவி இல்லை.
இறங்குவதாக முடிவெடுத்த ஞாபகமும் இல்லை.
வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.
நாற்பத்தேழு வயசு,
'அண்ணே' என்கிற சொல் வரவில்லை.
ஒரு சத்தம் வந்தது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது அழுகைகூட இல்லை,
பச்சைப்பிள்ளை மூச்சைப் பழகும்போது வருமே,
அது.

டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.
அணைத்தான்.
"பூட்ஸக் கழத்திட்டு எறங்குல.
அந்த மடைய அடை, தண்ணி வீணாப் போவுது."

முழங்கால் வரை குளிர்.
மண்ணை அள்ளி வைத்தேன், கரைந்தது.
இன்னும் அள்ளினேன்.
"அந்தக் கையெழுத்து" என்றேன்.
"தெரியும்" என்றான்.
வாழைக்குள் தண்ணீர் போகும் சத்தம்.
மேலே நாற்பத்தொன்று நின்றபடியே இருந்தது,
காற்று மட்டும் அடித்தது.

விடிந்த பிறகும் பத்திரம் அதே பத்திரம்.
திங்கட்கிழமை ராதாபுரம் சார்பதிவாளர் ஆபீஸ்,
அதற்கு முன் வக்கீல்,
அதற்கும் முன் மதினியின் முகம்.
முழங்காலில் பழைய வலியே.
புதிதாய்ப் பிறந்ததற்கு இதெல்லாம் இருக்குமா,
ஐயரைத்தான் கேட்க வேண்டும்,
ராத்திரியில் அல்ல.

வேலைப் பதிவேட்டில் எழுதினேன்:
கோபுரம் 41. நின்ற நேரம் 12.10.
காரணம்: திசைகாட்டி இறுகியது.
அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.
காற்று வந்த திசை, என்று கேட்டிருந்தது.
வெறுமையாக விட்டேன்.
சூப்பர்வைசர் கத்தினார்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் சார், என்றேன்.