பென்சிலில் எழுதிய திகதி

போன வருஷம் பதினொரு முட்டையில் ஒன்பது.
மாசியில் ஆறு.
சித்திரையில் இரண்டு, அதிலும் ஒன்று
ஓட்டுக்குள்ளேயே நின்றுபோனது.
இந்த முறை
ஏழாம் நாள் இரவு, கரண்ட் போன நேரம் பார்த்து,
அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு
ஒவ்வொன்றாய் எடுத்து
போன் வெளிச்சத்தில் பிடித்தேன்.
சிவப்பு நரம்பு ஒன்றுகூட இல்லை.
பத்தும் பத்து மஞ்சள் பல்புகள்.

கோழிக்குத் தெரியாது.
தான் இடாத தாரா முட்டைக்கு
இருபத்தொரு நாளும் தாண்டி
இன்னும் ஏழு நாள் கிடக்கிறவள் அவள்.
என் கையைக் கொத்திவிட்டு
வெறும் முட்டையை
சொண்டால் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பேடு கிழடாகிட்டுது" என்றார் மனிசன்.
வேலிக்கு அங்கால இருந்து
இராசமலர் மச்சாளும் அதையே சொன்னா:
"முட்டை போடும், பிடிக்காது. அதுட வயிறு அப்படி.
கறியாக்கிட்டு வேற பேடு வாங்குங்க."

சேவலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அவர் வழக்கம்போல
தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு
வெடித்த சீமெந்துத் தொட்டியைச் சுற்றி நடந்தார்.
"பாரன், இப்பவும் எப்படி ஏறுறான்."
இவருக்குப் பெருமை,
தன் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பகலெல்லாம் எனக்கு இதுதான் வேலை.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
சொப்பிங் பையில் சுற்றிய சின்னப் போத்தலை
மேசையில் வைத்துவிட்டு
முகம் காட்டாமல் போகும் ஆண்கள்.
கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு.
கட்டம் கட்டமாய் எண்ணுவேன்:
நீந்துகிறவை, நின்ற இடத்தில் துடிக்கிறவை,
சும்மா கிடக்கிறவை.
சில நாளில் கட்டங்கள் மட்டும்.
ரிப்போட்டுக்குப் பெயர் கூப்பிட்டால்
எழும்பி வருவது பெண்சாதிமார்.
உறையை வாங்கும்போதே
மன்னிப்புக் கேட்கிற முகம்.

தாழங்குடா நேசதுரையிடம்
ஒரு வயதுச் சேவலை
பதினாலு நாளைக்கு இரவல் கேட்டேன்.
கூலி, பிடித்தால் இரண்டு குஞ்சு.
ஸ்கூட்டியின் முன்னால்
உரப்பைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி
கச்சான் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
கிரான்குளம் வரை வந்தது.

எங்கட ஆளை வலைக்கு அங்கால விட்டோம்.
முதல் நாள் சீறினார்.
இரண்டாம் நாள் தவிடு தின்னவில்லை.
பிறகு ஒரே இடத்தில் நின்றார்,
மணலில் பாதம் பள்ளமாகும் வரை.
மனிசன் அந்தப் பக்கம் போகவே இல்லை.
தேத்தண்ணியை முன்கேற்றடியில் நின்று குடித்தார்.

எட்டு முட்டையில் ஏழு.
வெளிச்சத்துக்குள்
கால் விரித்த சிவப்புச் சிலந்திகள்.
கூப்பிட்டேன். போனை வாங்கினார்.
நெடுநேரம் பார்த்தார்.
"இது துடிக்குது."
"ஓம்."
அதற்குமேல் அன்றிரவு நாங்கள் கதைக்கவில்லை.

காலையில் ஒருவரும் சொல்லாமலே
சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்.
ஆனியிலிருந்து ஒழுகிய தொட்டி.
தண்ணியில்லாமல் பாரமான உடம்பு சறுக்குமாம்,
எப்போதோ கேட்டது, இப்போதுதான் நினைவு வந்ததாம்.
கிணற்றிலிருந்து இருபத்தாறு வாளி.
வேர்வையோடு நின்று எண்ணிச் சொன்னார்.

இளையவன் தாழங்குடாவுக்குத் திரும்பிப் போனான்.
வலையைச் சுருட்டினோம்.
கிழவர் தொட்டிக்குள் இறங்கி
முதலில் தன்னை மட்டும் கழுவினார்.

போனவனின் விதையை
பத்துப் பன்னிரண்டு நாள்
வயிற்றுக்குள் வைத்திருக்கும் பேடு.
எட்டாம் நாள் முட்டையில் திகதி எழுதி
அடையில் வைத்தேன்.
அதிலும் நரம்பு ஓடியிருந்தது.
"எங்கட ஆளுடையதா?"
கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

நாளுக்கு இருபது பேருக்கு
முடிவு எழுதிக் கொடுக்கிறவள் நான்.
கொப்பியைத் திறந்தேன். பேடு, திகதி, ஒன்று.
சேவலுக்கான இடத்தில் பென்சிலை வைத்து
எடுத்துவிட்டேன்.

வெளியே இருட்டில்
தண்ணியைச் செட்டை அடிக்கிற சத்தம்.

"எழுதன்" என்றார்.