ஒற்றை இருக்கை

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
தலைவிளக்குக்கு மூவாயிரம் சொன்னான்.
எந்த டிரக்டரின் முகத்தில் இருந்ததோ,
கண்ணாடி விளிம்பில் இன்னும் வயற்சேறு.
இரண்டாயிரத்து இருநூறுக்கு இறங்கினான்,
“பத்தாட்டி இங்க வராதீங்க” என்ற
உத்தரவாதத்தோடு.

கொப்பியில் எழுதினேன்.
மொத்தம் நாற்பதாயிரம்.
அதில் ஏழாயிரம் கரண்ட் பில்லுக்கு வைத்தது.
அதை மட்டும் எழுதவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு ஹொண்டா,
இரட்டைச் சிலிண்டர், நூற்றிருபத்தைந்து.
ஆறு வருடம் ஹயர் ஓடினேன்.
அதன் பின்சீட்டில் கொழும்பு ஏறி இறங்கியது:
சோதனைக்குப் பிந்திய பெடியன்,
மீன்பையை மடியில் வைத்து
வழிநெடுக மன்னிப்புக் கேட்டவர்,
மருதானையிலிருந்து வத்தளை வரை
போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்து
பேசாமல் ஐம்பது ரூபா கூடத் தந்த பெண்.
தோளில் கை வைக்கலாமா என்று
ஒருவரும் கேட்டதில்லை.
வைத்தார்கள்.

இப்போது துறைமுகத்தில் இரவு வேலை.
கொள்கலன்களை எண்ணுகிறேன்.
அவை தோளைத் தொடுவதில்லை.

கிராண்ட்பாஸ் ஒழுங்கையில் ஜயலத் பாஸ்
கிரைண்டரை உயர்த்திப் பிடித்தபடி
“கபன்னத?” என்றார்.
வெட்டவா என்று கேட்கிறார்.
சுண்ணக்கட்டியால் நானே கோடு போட்ட இடம்தான்.
ஆனாலும் வாய் வரவில்லை.
“கபன்னத?”
தலையாட்டினேன்.
பொறி என் செருப்பு வரை வந்தது.
இரண்டு பேரைத் தாங்கிய சட்டத்தின் வால்
சிமெந்தில் விழுந்து
ஒருதரம் குதித்துப் படுத்தது.

வெட்டியதை விற்றுத்தான்
ஒட்டுவதை வாங்கினேன்.
நீளச் சீட்டு போய், தடித்த பின்டயர் வந்தது,
அரைத்தேய்வு, எட்டாயிரம்.
பக்கமூடிகளும் குரோம் கம்பியும் போய்
மங்கல் கறுப்பு ஸ்ப்ரே மூன்று டின்.
ஹேண்டிலைத் தலைகீழாகப் போட்டோம், செலவில்லை.
முன் மட்கார்டை ஒரு சாணாக நறுக்கிப் பின்னுக்கு வைத்தோம்,
அதற்கும் செலவில்லை.
இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங் இரண்டு
குப்பைக்குப் போகவிருந்த லுமாலா சைக்கிளுடையவை.
ரெக்சின், ஓட்டோவுக்குக் கூரை தைப்பவரிடம் மிஞ்சிய துண்டு.
என்ன இருந்தாலும் நல்ல தையல்.

ஆமர் வீதிச் சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.
“மிச்சம் எங்கே?”
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
லைசன்ஸை நீட்டினேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு
விமலோஜினியைக் கூப்பிட்டேன்.
அவள் வண்டியைப் பார்க்கவில்லை.
“லைன் வெட்ட ஆள் வந்தவர்.
நாளைக்கு மட்டும் தவணை கேட்டிருக்கிறேன்.”
சிவப்பு நோட்டீசை இருக்கையில் வைத்து
காற்றுக்குப் பறக்காமலிருக்க
என் ஹெல்மெட்டையும் அதன்மேல் வைத்துவிட்டு
உள்ளே போனாள்.
அந்த இருக்கையில் முதலில் அமர்ந்தது
அந்தக் கடுதாசிதான்.

ஸ்பானர் பெட்டியை விற்றேன்.
கொப்பியில் அதையும் எழுதவில்லை.

அடுத்த இரவு மழை.
மட்கார்ட் குட்டை என்பதால்
இடுப்பிலிருந்து பிடரி வரை
சேற்றில் ஒரு நேர்கோடு கிழித்தது தெரு.
வண்டி இலேசாக இருந்தது,
சைலன்சர் ஊர் கேட்கப் பேசியது,
ஜம்பட்டா வீதியில் எனக்கு முன்னால் யாருமில்லை.

வேகத்தடை வந்தது.
பின்னாலிருப்பவருக்கு இடுப்பு நோகுமென்று
கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.
மெதுவாக ஏறி
மெதுவாக இறங்கினேன்.