அறுபதாம் நிமிடம்

ஏழாவது தோல்வி. மூன்றுக்குப் பூஜ்யம்.
தட்டுவடை செட்டில் காரம் போதவில்லை,
நானும் மைதீனும் அதற்கும் கோச்சையே திட்டினோம்.

இடதுகால்காரனை வலப்பக்கம் நிறுத்துகிறார்.
உதவிக் கோச் நோட்டில் எதையோ குறிக்கிறார்,
கோல் விழும்போதும் தலை நிமிர்வதில்லை.
அறுபதாம் நிமிடம் ஆனால் போதும்,
பந்தைக் காலில் ஒட்டவைத்து ஓடும் ஒரே பையன்,
மலையிலிருந்து வரும் சடையன்,
அவனை வெளியே கூப்பிட்டுவிடுவார்.
"யோவ், கண்ணில்லையா?"
மதில்மேல் நின்று தொண்டை கிழியக் கத்துவோம்.

இன்று மழைக்கு ஒதுங்கியபோது
பெஞ்சில் அந்த நோட்டு திறந்து கிடந்தது.
வியூகம் ஒன்றுமில்லை.
ஏற்காடு பஸ் நேரங்கள்.
கடைசி வண்டிக்கு அடியில் இரட்டைக் கோடு.

மழை விட்டது. தூரத்து வளைவில்
ஒரு விளக்கு மெல்ல ஏறியது.
மைதீன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"சரிடா.
அந்த இடதுகால்காரன்?"