நமக்கு உதவுவோர்

பஜாரில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய சார்ட்.
ஒன்பது கட்டம், ஒன்பது பேர்.
மருத்துவர், தபால்காரர், காவலர்,
சிரித்தபடியே நெருப்பை அணைக்கும் ஒருவர்.
எல்லோருக்கும் ஒரே கன்னம், ஒரே ரோஸ் நிறம்.

ஒன்றாம் வகுப்பு, ஓல்டு டவுன்.
மலை தன் வெயிலை அப்படியே
எங்கள் ஜன்னலுக்குத் திருப்பிவிடுகிற இடம்.
"இவங்கள்ல உங்க வீட்ல யாரு?" என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

எபிநேசர் எழுந்து வந்து கட்டங்களை விரலால் எண்ணினான்.
அவன் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில்
சக்கர நாற்காலி தள்ளுகிறவர்.
"டாக்டர் கீறாரு. டாக்டர்கிட்ட இட்டும் போறவங்க எங்க மிஸ்?"
"சார்ட்ல இடம் இல்லப்பா."
"இங்க கீதே" என்று
தீயணைப்பு வீரரின் பூட்ஸுக்குக் கீழே
அச்சகத்தின் முகவரி மேல் கைவைத்தான்.

முபஷிராவின் அண்ணனுக்கு லாட்ஜில் வேலை.
கல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம்
அவர்கள் பாஷையிலேயே சொல்வானாம்,
ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போகணும் என்று.
அந்த வேலைக்கு என்ன பேர் மிஸ்?
எனக்குத் தெரியவில்லை.
"வெறும் வயித்துக்காரர்" என்றான் பின்வரிசையில் ஒருவன்.
வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

பிறகு தாள் கொடுத்தேன். கோடிட்ட இடம் நிரப்புக.
நான் பெரியவள் ஆனதும் ………… ஆவேன்.
பதினேழு போலீஸ். ஆறு டாக்டர்.
ஒரு ஜேசிபி. ஓட்டுநர் இல்லை, ஜேசிபியே.

தில்லைக்கரசி மட்டும்
'பெரியவள் ஆனதும்' என்பதை அடித்திருந்தாள்,
பென்சில் முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு.
மிச்சம் நின்றது 'நான்'.
அதன் பக்கத்தில், கோட்டை விட்டு இறங்கிப்போகும் எழுத்தில்,
தன்னி.

"இன்னாம்மா இது?"
"எங்க தெருக்குத் தண்ணி ராத்திரிதான் வரும் மிஸ்.
எப்போன்னு யாருக்கும் தெரியாது.
கொழா மொதல்ல இருமும். எனக்குத்தான் அது கேக்கும்.
ஓடிப்போய்க் கதவத் தட்டுவேன். பதினோரு வூடு.
டைலர் வூட்ல மட்டும் ரெண்டு வாட்டி."

ஆறு வயது.
ஆறு என்றால் மணல் என்று பிள்ளைகள் நினைக்கிற ஊர்.
பாவம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முகத்தில் அதற்கு இடம் இல்லை.
இரண்டு சுழி 'ன'வை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பெயர் கூப்பிடும்போது
தில்லைக்கரசி, என்றேன். பதில் இல்லை.
பாயின் ஓரத்தில், பையில் தலைவைத்து, வாய் திறந்து
உறங்கிக்கொண்டிருந்தாள்.
"நேத்து வந்துச்சு மிஸ்" என்றான் அதே தெரு எபிநேசர்.
"உள்ளேன் மிஸ்" என்றாள் அவளுக்காக முபஷிரா.

அன்றைக்குப் பாடம், சார்ட்டைப் பார்த்து வாசித்தல்.
தபால்காரர் கடிதம் கொண்டு வருவார்.
காவலர் நம்மைக் காப்பார்.
நான் எதுவும் சொல்லவில்லை. முப்பது பேரும்
காவலர் நம்மைக் காப்பார், காவலர் நம்மைக் காப்பார் என்று
கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.