செர்ரி மேசை, இரண்டாக

பீல் நகரத்தில் தெருப்பலகைக்கும் இரண்டு மொழி.
ரெகுலா ஜெர்மனில் பேசினாள், இவான் பிரெஞ்சில்.
நடுவில் நான் செய்த மேசை,
செர்ரி மரம், இரண்டு மீட்டர் இருபது,
ஒன்பது வருடத்துக்கு முந்தைய என் கை.
இரண்டாக்கித் தர முடியுமா?
இதை மட்டும் இருவரும்
ஒரே மொழியில் கேட்டார்கள்.
எந்த மொழி என்று நினைவில்லை.

மேசையைக் கவிழ்த்துப் போட்டேன்.
மூன்று பலகையும் வரிசை மாறாதிருக்க
அன்று வரைந்த பென்சில் முக்கோணம்
அழியாமல் இருந்தது.
சட்டத்தோடு பிடித்திருந்த மரப்பொத்தான்களைக் கழற்றினேன்.
அவற்றுக்கு எப்போதும் கொஞ்சம் இடம் விடுவேன்.
மழைக்கு மரம் அகலும், ஹீட்டருக்குச் சுருங்கும்,
இறுக்கிப் பிடித்தால் வெடித்துவிடும்.
(இதை உவமையாக்காதே என்று
என்னை நானே அதட்டிக்கொண்டேன்.
மரம் மரத்தைப் பற்றித்தான் பேசுகிறது.)
அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள்.
விரல் பார்க்கும் என்று சொல்லி
அதையும் மெழுகு தேய்த்துத்தான் அனுப்பியிருந்தேன்.
மூலையில் பச்சை பபிள்கம்,
கல்லாகிப்போன பல்தடத்தோடு.
மத்தீஸ், அவர்கள் மகன்.
வழவழப்பான இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறான்.
சுரண்டவில்லை.

பிறகு நிமிர்த்தினேன்.
வெயில் குடித்துக் கறுக்கும் மரம் செர்ரி.
ஜன்னலோரத்து ஒன்பது கோடையில்
தேன் நிறம் போய்க் கருப்பட்டி நிறம்.
நட்டநடுவில் மட்டும் ஒரு நீள்வட்டம்,
கடையை விட்டுப் போன நாள் போல வெளிறி.
ரொட்டி வெட்டும் பலகை
நகராமல் கிடந்த இடம்.

"உப்புத்தாள் போட்டால் போய்விடும், ஒரு மணி நேர வேலை"
என்றான் பக்கத்துப் பட்டறை பெயாட்.
நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ரெகுலா போன் செய்தாள்.
அந்தத் தடத்தைத் தேய்க்க வேண்டாம்.
அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.
புதன்கிழமை இவான்.
அதே தடம், அதே வேண்டாம்.
அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரம்பத்தின் வாய் மூன்று மில்லிமீட்டர்.
அவ்வளவு மரம் யாருக்கும் சேராது.
முக்கோணம் உச்சியிலிருந்து பிளந்தது,
நீள்வட்டம் இரண்டு அரைநிலா.

புதுக் கால்கள் நான்கு.
பழையவற்றின் சரிவை அளந்து
பாதம் மெலிய இழைத்தேன்.
கழுந்தை மயிரிழை மயிரிழையாகச் சீவினேன்,
சுத்தியல் கேட்காமல்
உள்ளங்கைத் தட்டுக்கு இறங்கும்வரை.

வெட்டிய விளிம்புதான் படுத்தியது.
குறுக்குமுகத்தில் ஒவ்வொரு நாரும் வாய்திறந்திருக்கும்,
எண்ணெயை அளவில்லாமல் குடித்துக் கறுக்கும்.
நானூறாம் நம்பர் தாள்வரை போய்
அந்த வாய்களை அடைத்தேன்.
சரி, முனையை எவ்வளவு மழிப்பது?
கூராக விட்டால்
தினமும் காலையில் முழங்கைக்குத் தெரியும்.
மற்ற விளிம்பைப் போல முழுக்க உருட்டினால்
மேசை அங்கேயே முடிந்திருந்தது என்று பொய்.
இழைப்புளியை மூன்று முறை ஓட்டினேன்.
நான்காவதற்குக் கை போனது, நிறுத்தினேன்.

எண்ணெய் மூன்று பூச்சு.
கடைசிப் பூச்சு காயும்போதுதான் உறைத்தது,
தேய்க்காமல் விட்டாலும் தடம் தங்காது.
வெளிச்சம் பட்டால் அதுவும் கறுக்கும்,
அடுத்த ஆகஸ்டுக்குள் தேடினாலும் கிடைக்காது,
மேலே எதையாவது வைத்தாலொழிய.

தனித்தனியே சொன்னேன், தனித்தனி மொழியில்.
அந்த ரொட்டிப் பலகை
இப்போது யாரிடம் இருக்கிறது, கேட்டேன்.
அவரிடம், என்றாள் ரெகுலா.
அவளிடம், என்றான் இவான்.

பில்லை இரண்டு உறையில் போட்டேன்.
கால் நான்கு, எண்ணெய், மூன்று நாள் கூலி.
துடைத்த துணிகளை ஒவ்வொன்றாக விரித்து
வெளிக்கம்பியில் உலரவிட்டேன்.
ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக்
கசக்கி மூலையில் எறியக்கூடாது.
தீக்குச்சி வேண்டாம் அதற்கு.
ஆளில்லாத நேரத்தில் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.