கொப்பியின் பின்பக்கம்

கம்ஷிகாவின் போன வருடக் கணிதக் கொப்பி.
முன்பக்கம் அவளுடைய பின்னங்கள்.
திருப்பிப் பிடித்தால் என்னுடையவை:
சவுக்காரம் ஒன்று, நூற்றெழுபது.
தேங்காய் இரண்டு (அடித்துவிட்டு) விழுந்தது.

சவுக்காரத்தைப் பாதியாக வெட்டுவேன்.
முழுதாய் வைத்தால் முழுதும் கரையும்,
பாதி வைத்தால் பாதிதான் கரையும்.
விளங்கப்படுத்தப் போய் பவிஷாவிடம் தோற்றேன்:
"அப்ப நாலா வெட்டினா
கரையவே கரையாதோ அப்பா?"
மிஞ்சிய சில்லுகள் ஒற்றைக் காலுறைக்குள்.
நுரை வரும்.
என்ன நிறமென்று மட்டும் கேட்கக் கூடாது.

விசுவமடுச் சந்தியில்
காலை ஐந்து மணிக்கு ஆமென்ற்ஸ் பஸ்.
சுதர்சினி போனபின் வீடு என் கையில்.
வாசலில் சைக்கிள் திருத்துகிறேன்.
பாரம் தூக்க விடாது
முதுகுக்குள் கிடக்கிற துண்டு.
பழைய இரும்புக்காரனுக்குப் போடமுடியாத
ஒரே இரும்பு இந்த வளவில் அதுதான்.

ஞாயிறு தலைமுழுக்கு.
வாளியில் கசக்கிய செவ்வரத்தம் இலை
வழுவழுவென்று.
"வெண்டிக்காய்க் கறி" என்று மூத்தவள் முகம் சுளிப்பாள்.
வகுப்பில் எல்லாத் தலையும் ஷாம்பு மணக்குதாம்.
சின்னப் பக்கெற் ஒன்று வாங்கி
இலைச்சாற்றில் நாலு துளி விட்டேன்,
மணத்துக்கு.
மீதியைக் கவ்வி போட்டு மூடி வைத்தேன்.
திங்கள் காலை அவள்
தன் பின்னலைத் தானே முகர்ந்ததை
சங்கிலிக்கு எண்ணெய் விடுகிற சாட்டில் கண்டேன்.

அசையாமல் இருந்தால் பேனுக்கு ஒரு ரூபா என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
வெள்ளைத் துணியில் இருபத்தேழு.
எல்லாம் சின்னவளுடையவை.
கொப்பியில் எந்தத் தலைப்பில் போடுவது?
யோசித்து
"தலை" என்றே எழுதினேன்.

முத்தையன்கட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த கச்சான்,
விலைப்படாத கழிவு.
பொக்கு, சொத்தை, முளைத்தது நீக்கி
வறுத்துத் தேய்த்து
சுளகில் ஊதினால்
தோல் முழுக்க என் தலைமயிரில்.
பனங்கட்டி காணாது. இஞ்சி கூடப் போட்டேன்,
உறைப்பில் இனிப்புக் குறைவு தெரியாமல் போகட்டும் என்று.
போத்தலால் உருட்டி, கணிதப்பெட்டி அடிமட்டம் வைத்து
முப்பத்திரண்டு துண்டு.
ஆளுக்கு எட்டு.
விளிம்பு வெட்டினவனுக்கு.
நான் வெட்டினால் விளிம்பு கொஞ்சம் கூடத்தான் விழும்.

சுதர்சினி அயன் பகுதியில் நிற்கிறாள், நாள் முழுக்க.
குதிக்கால் பிளந்து குளம் வற்றின மாதிரி.
ஒட்டுசுட்டான் தேன்காரனிடம்
மெழுகு கொஞ்சம் சும்மா கேட்டு வாங்கி
தேங்காய் எண்ணெயில் உருக்கி
மஞ்சளும் போட்டு
பாம் டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன்.
முதல் நாளே டைல்ஸில் வழுக்கி
சூப்பவைசரின் கையைப் பிடித்தாளாம்.
வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கவில்லை.
டப்பாவை மேசையில் வைத்தாள், அவ்வளவுதான்.

இப்போது இரவில் மட்டும் பூச்சு.
சவுக்காரக் காலுறையின் சோடி
அதற்குத்தான் உதவியது.
இன்று இடது கால். நாளை வலது.
பாய் முழுக்க மஞ்சள்.

போன வெள்ளி
என் தலையைக் கம்ஷிகா வெட்டினாள்.
சலூனில் முந்நூறு.
பிடரியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம்.
சந்தியில் ரெண்டு பேர் கேட்டார்கள்,
காது கேளாத ஆள் போல் மிதித்தேன்.
ராத்திரி கரண்ட் இல்லை.
எட்டு வீதம் சார்ஜ் இருந்த போனை
வாயில் கடித்து வெளிச்சம் பிடித்து
சுதர்சினி சமப்படுத்தினாள்.
பள்ளத்தைக் கண்டதும் அவளுக்கு வந்த சிரிப்பில்
போன் என் மடியில் விழுந்தது.
"ஆடாதேங்கோ" என்றாள்.
ஆடியது நானல்ல.

விடிய, கொப்பியைத் திருப்பினேன்.
அவளுடைய சாய்ந்த எழுத்தில்:
தலைமயிர் வெட்டு, முந்நூறு. தரவேண்டியது.
அதற்குக் கீழே
பென்சிலால், அழுத்தி,
27.